சூடாகாத இன்ஜின்

இருபது நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மீது நீவெஸ் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். எட்டு சிலிண்டரும் தாளம் தப்பாமல் வெடித்துக்கொண்டிருந்தன. படகின் பின்னால் இரண்டு குழாய்கள் வழியே ஏரித் தண்ணீர் கொப்பளித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்துக்கு அந்த இரும்பைத் தொட்டால் தோல் வழன்று வந்திருக்க வேண்டும். ஆனால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த இறைச்சி மாதிரி ஒரு குளிர்ச்சி, ஒரு ஈரம். லெட்ஸெனோ என்ற ஏரிக்கரை ஊரில் இருபத்தாறு வருஷமாகப் படகு இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். சூடு தாங்காமல் பிளந்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறாள். சூடே ஆகாத ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

"என்ன தாயி, ஜுரம் பாக்குறியா?" என்றான் ஃபெர்மோ, பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு. படகின் மர வேலை முழுவதும் அவனுடையது. அறுபது வயது. மஹாகனிப் பலகையில் பூசிய பதினெட்டாவது கோட் வார்னிஷில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இது சூடே ஆகலண்ணே."

"ரெண்டு கிளாஸ் கிராப்பாச் சாராயம் ஊத்தியும் எனக்கே சூடு ஏறலை. அதப் போயி குத்தம் சொல்றியே."

அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை இந்தப் படகில்தான் மிலான்காரர் வீட்டுக் கல்யாணப் பெண் எதிர்க்கரைத் தேவாலயத்துக்குப் போகிறாள். இன்று வியாழன். தண்ணீரில் வேகம் கொடுத்துப் பார்க்காமல் இன்ஜினை ஒப்படைக்கும் பழக்கம் நீவெஸுக்குக் கிடையாது.

படகு சாதாரணப் படகில்லை. அறுபத்திரண்டில் கட்டியது. அறுபத்தெட்டில் இதே ஏரியில் முழுகிப்போனது. போன வருஷம் முக்குளிப்பவர்கள் எண்பது மீட்டர் ஆழத்தில், ஒரு பாறை விளிம்பில், யாரோ பத்திரமாக நிறுத்தி வைத்ததுபோல் இது உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மேலே தூக்கிவந்தார்கள். முழுகிய அன்று இதில் போனவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவரும் கிடைக்கவில்லை.

கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டான் அவள் புருஷன் ஒரெஸ்தே. "இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க. சோளமாவுப் போலெந்தா கிண்டி வெச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா செங்கல்லு, ஃபெர்மோதான் இழைப்புளி போட்டுச் சாப்பிடணும்."

"உன் சமையலுக்கு எப்பவுமே அதானடா கொண்டுவர்றேன்!" என்று கத்தினான் ஃபெர்மோ.

மணி மூன்றரை. அக்டோபர் கடைசி. மதியம் தவறாமல் வீசும் தெற்குக் காற்று அன்று வரவேயில்லை. ஏரி எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. மலைகளின் இடுப்பிலிருந்து மேகம் மெல்ல வழிந்து தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

நீவெஸ் விசைக் கோலைத் தள்ளினாள். படகு பாய்ந்தது. அந்த நொடியில் மட்டும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. கழற்றி, உப்புக்காகிதம் போட்டு, வளையம் வளையமாக மாற்றி, எட்டு மாதம் கையால் பிசைந்த இரும்பு அது. இப்போது தொண்டை திறந்து பாடியது. பிறகுதான் கவனித்தாள், முகப்பு இறங்கவில்லை. வேகம் பிடித்ததும் படகு படிந்து ஓட வேண்டும். இதுவோ மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்தே போனது.

"அண்ணே, முன்னாடி வாங்க. பின்னாடி பாரம்."

ஃபெர்மோ தாவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகப்பு இறங்கவில்லை. ஒரு விரற்கடைகூட இல்லை.

அவன் திரும்பிக் காலி இருக்கையைப் பார்த்தான். மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டான்.

அப்போது வாடை வந்தது. பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை. வருஷக்கணக்காக நனைந்து கிடந்த கம்பளியின் வாடை, அடிச்சேற்றின் வாடை. அதோடு மேகமும் தண்ணீருக்கு வந்து சேர்ந்தது. முதலில் எதிர்க்கரை போனது, பிறகு மலைகள், பிறகு படகின் முகப்பில் நட்டிருந்த சின்னக் கொடிக்கம்பம்.

"திரும்பிடுவோம் தாயி."

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். சக்கரம் சுற்றியது. படகு திரும்பவில்லை. விசைக் கோலை இழுத்தாள். வேகம் குறையவில்லை. சாவியைத் திருகி வெளியே எடுத்தாள். சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பயம் வந்தாலும் கைக்கு வேலை தெரியும். இன்ஜின் மூடியைத் தூக்கினாள். பெட்ரோல் குழாயின் திருகை மூடினாள். பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். கடைசியாக, பொறி போகும் தடித்த ஒயரையும் உருவி எடுத்தாள். இனி ஓட வழியில்லை. எந்த இன்ஜினுக்கும் வழியில்லை.

ஓடியது.

இரும்பெங்கும் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. ஒயரைப் பிடித்தபடி அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிலிண்டர்களின் வெடிப்பு, கிட்டத்தில் கேட்கும்போது, வெடிப்பாகவே இல்லை. மூச்சை இழுத்து விடும் சத்தம். இழுத்து. விட்டு.

"நீவெஸ்!" ஃபெர்மோ அவள் தோளைப் பிடித்தான். அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டாள். "மணி கேக்குதா?"

கேட்டது. லெட்ஸெனோ தேவாலய மணி. ஐந்து. புறப்பட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லையே என்று நினைத்தாள். மூட்டத்துக்குள் பகல் வடிந்து சாம்பலாகியிருந்தது. மணி மிகக் கிட்டத்தில், நேர் எதிரே ஒலித்தது. அப்படியென்றால் முன்னால் இருப்பது கரை. கரையென்றால் பாறை.

"குதி!" என்றான் ஃபெர்மோ.

குதித்தார்கள்.

குளிர் நெஞ்சில் உதைத்தது. செம்மஞ்சள் மிதவைச் சட்டை மேலே தூக்கியது. இருமி, கண்ணைத் துடைத்து, மரம் நொறுங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். நொறுங்கவில்லை. இருபது கைதூரத்தில் படகு தானாக வேகம் தணிந்து நின்றது. இன்ஜின் பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது.

படகு இடப்பக்கம் சாய்ந்தது. பலகையில் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்தது.

வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது.

யாரோ ஏறும்போது படகு அப்படித்தான் சாயும்.

ஃபெர்மோ அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். படகு நிதானமாகத் திரும்பி, பழகிய கை ஓட்டுவதுபோல் வளைந்து, மூட்டத்துக்குள் போனது. அது போன திசையில் மஞ்சளாக ஒரு விளக்கு தெரிந்தது. அவர்களுடைய படகுத்துறை. நூறு மீட்டர்கூட இருக்காது.

"வந்துட்டீங்களா!" என்றது ஒரெஸ்தேயின் குரல், தண்ணீர் மேல் தெளிவாக. "எவ்ளோ நேரமா நிக்கிறேன்! இன்ஜின் எப்படி?"

"தங்கம்டா, தங்கம்!" என்றது ஃபெர்மோவின் குரல்.

பக்கத்தில் மிதந்த ஃபெர்மோவின் வாய் திறந்திருந்தது. தொண்டை நரம்புகள் புடைத்திருந்தன. சத்தம் வரவில்லை.

நீவெஸ் கத்தினாள். ஒரெஸ்தே என்று கத்தினாள். நெஞ்சு கிழிய மூச்சை இழுத்துக் கத்தினாள். காற்றுகூட வெளியே வரவில்லை.

"ரொம்பக் குளிருதுங்க," என்றது அவளுடைய குரல், கரையில். "மேல தூக்கி விடுங்க."

மூட்டம் ஒரு பக்கம் கிழிந்தது. விளக்கடியில் ஒரெஸ்தே குனிந்து கையை நீட்டுவது தெரிந்தது. செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட ஒரு பெண் அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் முதுகைப் பரபரவென்று தேய்த்துவிட்டான். அவள் அவன் மார்பில் சாய்ந்துகொண்டாள். அவர்களுக்குப் பின்னால், மீசையைத் தடவியபடி, ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நீவெஸ் நீந்தினாள். கையை வீசினாள், காலை உதைத்தாள். விளக்கு கிட்ட வரவில்லை.

"உள்ள வா, வா," என்றான் ஒரெஸ்தே. மூவரும் படியேறினார்கள். கடைசிப் படியில் அந்தப் பெண் நின்றாள். ஒரெஸ்தேயின் தோளுக்கு மேலாகத் திரும்பி, அவ்வளவு இருட்டிலும் தேடாமல், நேராக, நீவெஸ் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டித் துறை விளக்கை அணைத்தாள்.