பத்தொன்பது வருட மருந்து

அந்தச் சத்தம் பட்டப்பகலில்தான் கேட்டது. கிறீச். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி கிறீச். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பம்பின் பிடியை ஏற்றி இறக்கும் சத்தம் ஒச்சப்பனுக்குத் தெரியாதா என்ன? பம்பை எஸ்டேட் ஸ்டோரில் ஒப்படைத்து நான்கு வருடம் ஆகிறது.

வெளியே ஓவேலித் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பனிமூட்டம். தொழிலாளர் லைன் வீட்டுக்குள் ஈரக் கம்பளி வாடை, அணைந்த விறகின் புகை, அதற்கும் அடியில் அழுகிய பூண்டு மாதிரி அந்தப் பழைய மருந்து நாற்றம். மனைவி பேச்சிக்கு அது வீசுவதே இல்லை. "உங்க மூக்குலதாங்க கோளாறு" என்று சலித்துக்கொண்டு மகள் தேவியோடு இலை பறிக்கப் போய்விட்டாள். ஆறு மாதப் பேத்தி சேலைத் தொட்டிலில் தூங்கினாள்.

குனிந்து பார்த்தான். அவன் இடது கைதான். கட்டில் சட்டத்தில் உரசியபடி மேலும் கீழும், அவனைக் கேட்காமலே.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போன மாதம் டிஸ்பென்சரியில் புது டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"எத்தனை வருஷமா மருந்து?"

"பத்தொம்பது வருஷமுங்க."

இவன் சொன்னது தேயிலைக்கு அடித்த மருந்தை. அவர் எழுதியது விழுங்குகிற மருந்தை. பழைய நரம்பு வியாதி என்று சீட்டு. மருந்தை நிறுத்தாதீர்கள் என்று புத்திமதி வேறு. வியாதியோடு வந்தவனுக்கு நாங்கள் என்ன செய்வது என்று எஸ்டேட் ஆபீசில் கைவிரித்தார்கள். அவன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக ஏழு மாதம் வரை மருந்து காயாத செடியில் பறித்தவள் தேவி. அவளுக்காகத்தான் கேட்டான்.

"பாலு குடுக்கற புள்ளைங்க. அவளையாவது வேற ஃபீல்டுக்கு மாத்துங்க."

இன்றும் அதே ஃபீல்டுக்குத்தான் போயிருக்கிறாள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

துண்டை எடுத்து இடது கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். பல்லால் முடிச்சை இறுக்கினான். கை நின்றது.

கிறீச்.

தொட்டில் கொக்கி. காற்று என்று சொல்லிக்கொண்டான். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன.

கிறீச்.

எழப் பார்த்தான். மரத்துப்போன பாதம் தரையைக் கண்டுபிடிக்கவில்லை. நாற்றம் கூடியது. கட்டுக்குள் அவன் கை துடித்தது. அதே கணக்கில்.

சேலை மடிப்புக்கு வெளியே ஒரு சின்ன இடது கை. கண் மூடி, நல்ல தூக்கத்தில் இருந்தாள் பேத்தி. விரல்கள் மட்டும் எதையோ இறுகப் பிடித்திருந்தன.

மேலே.

கீழே.

மேலே.