மூன்று தட்டுகள்

ருக்கையாவுக்குக் கேள்வி கேட்கும் வியாதி. அவளுடைய உம்மா அப்படித்தான் சொல்வார். வியாதி என்றால் மருந்து இருக்க வேண்டுமே, அதைத்தான் காணோம்.

டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு மாடியறையை விட்டுவிட்டு அவர்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய இடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கே சொல்லிவிடும். இங்கே ஆளுக்கொரு கதவு. அதையும் சாத்தியே வைத்திருந்தார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் உம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"நம்ம பூப்போட்ட தட்டு எங்கே? ஆங், நோன்புப் பெருநாளைக்கு வட்டலப்பம் வச்சு அடுத்த வீட்டு வேலாயுதத்துக்குக் கொடுத்தோம். திருப்பித் தர இன்னும் அவருக்கு மனசு வரலை. என்னைப் பாத்தா படிக்கட்டுப் பக்கம் ஓடுறாரு. நாளைக்கு அவரு பெருநாளு. நான் போய் எட்டிப் பாக்க மாட்டேன்."

ருக்கையாவுக்குக் கஷ்டமாக இருந்தது. வேலாயுதம் மாமா அப்படிப்பட்டவர் இல்லையே. அவர் மனைவி பூவம்மா மாமி இருந்தவரை அந்த வீட்டுக் கதவு மட்டும் மூடியதே இல்லை. மாமியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாமி கைக்குழந்தையோடு கப்பலேறி நாகப்பட்டினம் போனார். அதற்குப் பிறகுதான் மாமா இப்படி ஆகிவிட்டார்.

தனியாக ஒருவர் எப்படித் தீபாவளி கொண்டாடுவார்? தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது யார்? பலகாரம் நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வார்?

கேள்விகள் அவளை உட்கார விடவில்லை. போய்க் கதவைத் தட்டினாள்.

கதவு பாதி திறந்தது. மாமாவின் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மாமா, எங்க தட்டு இருக்கா?"

மாமாவின் முகம் சிறுத்துப்போனது. அவர் உள்ளே கைகாட்டினார். மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தட்டுகள் இருந்தன. ருக்கையா வீட்டுப் பூப்போட்ட தட்டு, அதே மாடியில் இருக்கும் மலாய்க்கார அத்தை ஹஸ்னா மக்சிக் வீட்டு எனாமல் தட்டு, கோடி வீட்டுச் சீனப் பெண்மணி டான் ஆன்ட்டியின் பீங்கான் தட்டு. கழுவித் துடைத்து, கீறல் விழாமல் இடையிடையே செய்தித்தாள் வைத்திருந்தார்.

"இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே, அப்புறம் ஏன் கொடுக்கலை?"

"வெறுந்தட்டை எப்படிம்மா கொடுக்கிறது? பலகாரம் வந்த தட்டு ஆச்சே. உங்க மாமி இருந்தா முறுக்கு, அதிரசம்னு வச்சு அனுப்பியிருப்பா. எனக்கு அதெல்லாம் தெரியாதுலா."

"வேற என்ன செய்யத் தெரியும்?"

மாமா யோசித்தார். "முட்டை அவிப்பேன். போன வாரம் அதையும் கருக்கிட்டேன்."

"அவிக்கிற முட்டை எப்படிக் கருகும்?"

"அடுப்புல வச்சுட்டுத் தூங்கிட்டேன். தண்ணி வத்திப்போச்சு."

ருக்கையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்போடு அழுகையும் வரும்போலிருந்தது. வெறுந்தட்டைக் கொடுக்க வெட்கப்பட்டு இந்த மனிதர் இத்தனை நாளாகப் படிக்கட்டில் ஓடியிருக்கிறார்.

"மாமா, வீட்ல சீனி இருக்கா?"

"இருக்கு. தேத்தண்ணிக்கு."

"போதும். பழைய வீட்ல உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப, அங்க பக்கத்து வீட்டுத் தட்டுல சீனியைத்தான் அள்ளி வச்சு அனுப்புனாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலை."

"சீனி போதுமா? நெசமாவா?"

"நெசமா. நாளைக்குக் காலையில நானும் கூட வர்றேன்."

மறுநாள் மாமா தலைக்குக் குளித்து, புதுச்சட்டை போட்டிருந்தார். இம்முறை பொத்தான்கள் சரியாக இருந்தன. பூப்போட்ட தட்டோடு முதலில் உம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"மன்னிச்சிருங்கக்கா. அவ இல்லாம வீட்ல பலகாரம் ஒண்ணும் இல்லை. வெறுந்தட்டா கொடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

உம்மா சீனியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். நேற்றுப் பேசிய பேச்சு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்கலாமா தம்பி? உள்ள வாங்க. ஆப்பம் சுட்டிருக்கேன், சாப்ட்டுட்டுப் போங்க."

மாமா நான்கு ஆப்பம் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று நான்கு தடவையும் சொன்னார்.

அடுத்து ஹஸ்னா மக்சிக் வீடு. சீனியைக் கொட்டிவைத்துவிட்டு மக்சிக் அவரிடம் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். டான் ஆன்ட்டி வீட்டுக்குள் மாமா தனியாகவே போனார். ருக்கையா வெளியே நின்றாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்த மாமா திருதிருவென்று விழித்தார். அவர் கையில் அதே பீங்கான் தட்டு. அதில் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்திருந்தன.

"சீனியை எடுத்துக்கிட்டுத் தட்டை நெறச்சுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. இப்ப என்ன ருக்கையா செய்யிறது?"

"நாளைக்கும் நீங்க வெளியில வரணும், மாமா," என்றாள் ருக்கையா.