தையல் பிரித்த கை

பேக்கரிக்காரப் பெண் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு துணித் தோரணத்தை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். பழைய துணிகளை முக்கோணமாக வெட்டி, நாடாவில் வரிசையாகத் தைத்த தோரணம்.

"இது சுருங்கிட்டே போகுது சார். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள்.

துப்பறிவாளர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவசரப்படாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட அவருடைய மனைவியின் தம்பி இருந்தான். இப்படி யாராவது வந்துவிட்டால் போட்டோ ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிடுவான்.

வந்தவளுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இதுதான் முதல் கல்யாணம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; மனைவியை இழந்தவர். மண்டபம் வேண்டாம், ஊர் ஓரத்துப் பழத்தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்வோம் என்று இருவரும் ஆசைப்பட்டார்கள். காகிதப் பூக்கள், மெழுகுவத்தி வைக்க ஜாம் பாட்டில்கள், பலகையை அறுத்துச் செய்த பெஞ்சுகள், மரத்துக்கு மரம் கட்ட இந்தத் தோரணங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். போன வாரம் கட்டிப் பார்த்தபோது சரியாக இருந்த ஒரு தோரணம் இப்போது எதிர் மரத்துக்கு எட்டவில்லை. வெள்ளைப் புள்ளி போட்ட பச்சைத் துணி மட்டும் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தது.

மாப்பிள்ளையின் அக்காதான் செய்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். "கல்யாணமா, இல்ல மாட்டுக் கொட்டகையில பிக்னிக்கா?" என்று ஆரம்பத்திலிருந்தே கேலி பேசியவள் அந்த அக்கா. நேரிலேயே கேட்டுவிட்டதில் அக்கா அழுது, கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று போய்விட்டாள். மாப்பிள்ளையோ, துணிதானே, விடு என்று சொல்லிவிட்டார். அதுதான் இவளுக்கு அதிகம் வலித்தது.

"என்னை யாருக்கோ பிடிக்கல சார். யாருன்னு தெரிஞ்சா போதும்."

மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். கல்யாணச் சாமான்களை வைத்திருந்த தளவாடக் கொட்டகைக்குப் பூட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மைத்துனன் மாப்பிள்ளையின் அக்காவில் தொடங்கி எலிவரைக்கும் எல்லோரையும் சந்தேகப்பட்டான்.

"பச்சையை மட்டும் தின்கிற எலியா மச்சான்?" என்று கேட்டுவிட்டு, துப்பறிவாளர் தோரணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கும் கிழிசல் இல்லை. கத்திரி பட்ட தடமும் இல்லை. தையலை இழை இழையாகப் பிரித்து, துணி போன இடத்தில் நாடாவை இழுத்து ஒட்டுச் சேர்த்திருந்தார்கள். ஒட்டு தெரியாத கைத்தையல்.

பச்சைத் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மாப்பிள்ளை கொண்டுவந்து தந்தது என்றாள். சட்டைகள், போர்வை எல்லாம் முழுசாகத் தந்தார், அவள்தான் வெட்டினாள். பச்சை மட்டும் பட்டை பட்டையாக வெட்டியே வந்தது. ஏதோ பழைய ஜன்னல் திரை என்று நினைத்து, தன் வீட்டு மெஷினிலேயே தைத்து எடுத்து வந்தாள்.

கொட்டகையின் மறுகோடியில் ஒரு வயதான அம்மாள் பெஞ்சுகளுக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன முதல் மனைவியின் தாய். மகள் போன பிறகும் மருமகன் வீட்டிலேயே இருப்பவள். இந்தக் கல்யாணத்துக்குத் தோரணம் போக மற்ற தையல் வேலை எல்லாம் நானே பார்க்கிறேன் என்று தானாகவே முன்வந்தவள். களவைப் பற்றித் துப்பறிவாளர் கேட்டபோது அவள் தலை நிமிரவில்லை.

"ஒரு பழைய கவுனு. அதுக்குப் போயி ஊரைக் கூட்டணுமா?" என்றாள்.

துப்பறிவாளர் மாப்பிள்ளையையும் அவர் அக்காவையும் வரவழைக்கச் சொன்னார்.

அவர்கள் வந்ததும் எல்லோரையும் மரத்தடிப் பெஞ்சுகளில் உட்கார வைத்தார்.

"கல்யாணத்தைக் கெடுக்கணும்னு நினைச்சா கத்திரிய எடுத்து நாலு வெட்டு வெட்டிட்டுப் போயிருப்பாங்க. இவங்க உக்காந்து தையலைப் பிரிச்சு, ஓட்டை தெரியாம ஒட்டும் போட்டிருக்காங்க. இதுல கோபமே இல்லை" என்றார். பிறகு அம்மாளின் பக்கம் திரும்பினார். "தைச்ச பொண்ணே அதை ஜன்னல் திரைன்னுதான் நினைச்சுது. நீங்க கவுன்னு சொன்னீங்கம்மா."

அம்மாள் ஊசியை மெத்தையில் குத்திவைத்தாள்.

"நான் தைச்ச கவுனு. எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அதைத்தான் போட்டுட்டுப் போனா. நாலு பேர் கூடிச் சிரிக்கிற எடத்துல அது காத்துல ஆடுறதை என்னால பாக்க முடியல. அதான் எடுத்தேன்." பேக்கரிக்காரியைப் பார்த்தாள். "உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா."

பேக்கரிக்காரி எழுந்துபோய் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது யாருடையது என்று தெரியாமல் அவர் தந்துவிட்டார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுத் துப்பறிவாளரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமத்தானே சார்?"

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மத்ததெல்லாம் முழுசா குடுத்தவர், இதை மட்டும் கழுத்தும் கையும் பொத்தானும் இல்லாம வெட்டிக் குடுத்திருக்கார். பாத்தா என்னன்னு தெரியக் கூடாதுன்னு."

மாப்பிள்ளை மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தூக்கிப் போடவும் மனசு வரல. அவளும் இங்க ஒரு ஓரமா இருக்கட்டும்னு..."

பேக்கரிக்காரி கோபப்படவில்லை. மனைவி போன பிறகு நீங்கள் அழுதீர்களா என்று மட்டும் கேட்டாள். கடை இருந்தது, அத்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றார் அவர். அவள் தலையசைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாங்க. நீங்க இன்னும் அங்கேயேதான் இருக்கீங்க. எப்போ வருவீங்கன்னு எனக்குத் தெரியல."

பிறகு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டாள். இருவருமாகப் பெஞ்சின்மேல் ஏறி, மரங்களில் கட்டியிருந்ததை எல்லாம் அவிழ்க்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. அம்மாள் நகர்ந்து வந்து அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"அழுதுடுங்க மாப்ள" என்றாள்.

திரும்பி வரும் வழியில் மைத்துனன் வழக்கம்போல எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று துருவவில்லை. கடைத்தெரு தாண்டியதும் கேட்டான்.

"கடைசியா அந்தப் பொண்ணு கேட்டுச்சே அத்தான், ஆமா, தெரியாமத்தான்னு சொல்லியிருக்கலாமே. கல்யாணம் நடந்திருக்குமே."

"நடந்திருக்கும்" என்றார் துப்பறிவாளர்.