நீலம் இல்லாத விளக்கு

“அத விடுங்க... நான்தான் மொதல்ல எடுத்தேன்.”

“நல்லாப் பாருங்க. என் கைதான் அடியில இருக்கு.”

தீவின் ஹட் பே பஜாரில், சிவஞானத்தின் எலக்ட்ரிக்கல் கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெட்டி. கலர் மாறும் எல்.இ.டி. ஸ்ட்ரிப், ஐந்து மீட்டர், ரிமோட்டோடு. அதன் ஒரு முனையை பானுவும் மறு முனையை அந்த ஆளும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சரக்கு எந்தக் கப்பலில் வருமோ, யாருக்குத் தெரியும்?

பானு நிமிர்ந்து முறைத்தாள். அவன் இமைகளில் மழைத்துளிகள் தொங்கின. உதடு சிரிக்கவில்லை... கண்கள் மட்டும் சிரித்தன. ஒரு விநாடி அவள் பிடி தளர்ந்து, மறு விநாடி இறுகியது.

“செந்தமிழா, குடுத்துருப்பா,” என்றார் கல்லாவில் இருந்த சிவஞானம். “நம்ம காத்தமுத்து அண்ணன் மக. அங்கன்வாடி டீச்சர்.”

“அச்சா... டீச்சரா? டீக் ஹை, எடுத்துக்குங்க. கோயில் பந்தலுக்குப் பழைய சீரியல் செட்டையே கட்டிக்கிறேன்.”

“பேரு செந்தமிழனாம். பேசுறதுல பாதி ஹிந்தி!”

“இந்தத் தீவுல பதினோரு வருஷம் குடியிருந்து பாருங்க டீச்சர், நீங்களும் பேசுவீங்க.”

“நான் இங்கேயே பொறந்தவ.”

சிவஞானம் சிரித்துவிட்டார். செந்தமிழன் பிடரியைத் தடவிக்கொண்டான். “ஒட்டுறதுக்கு ஆள் இருக்கா? வெட்டும்போது பார்த்து...”

“எனக்கும் ரெண்டு கை இருக்குதுங்க.” குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வழியெல்லாம் அந்தக் கண்கள் கூடவே வந்தன. ‘சீ... என்ன இது?’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் அதற்கெல்லாம் இடமில்லை.

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு அது. உள்ளே அப்பா காத்தமுத்து மட்டும். அன்று காலை தண்ணீர் வந்தபோது ஒரு கையில் பதினாறு வயது பானுவையும் மறு கையில் மனைவி ஒச்சம்மாவையும் பிடித்துக்கொண்டு ஓடியவர். மேட்டில் ஏறியபோது ஒரு கைதான் நிறைந்திருந்தது. அன்றிரவு முழுக்க, விளக்கில்லாத அந்த மேட்டில், படுத்திருந்த ஒவ்வொருவர் முகத்தையும் தடவித் தடவித் தேடினார். ஒச்சம்மா அகப்படவேயில்லை.

அதிலிருந்து, விளக்கணைந்து இருட்டினால் தேடப் போய்விடுவார். மழைக்காலத்தில் ஒரு கிளை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போகும். கரண்ட் போனால் அப்பா கடற்கரையில் இருப்பார். மெழுகுவர்த்தியைக் காற்று விடாது. பானுவைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். ‘அவரை எங்கேயாவது விட்டுவிட்டு வர முடியுமா?’ என்று இரண்டாவது மாப்பிள்ளையின் அக்கா வெளிப்படையாகவே கேட்டாள். அன்றோடு பானு கல்யாணப் பேச்சை மூடிவிட்டாள்.

போன மாதம் கப்பலேறிப் போனபோது, பத்துபஸ்தியில் குடியிருக்கும் தோழி ஷீலாவின் வீட்டில்தான் இந்த ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள். பன்னிரண்டு வோல்ட்டில் எரிவது. பேட்டரியிலும் எரியும் என்றாள் ஷீலா. அப்படியென்றால் கரண்ட் போனாலும் இது போகாது! இன்வெர்ட்டர் வாங்க வக்கில்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி...

மூங்கிலை இரண்டாகப் பிளந்து, பாதிகளைக் கம்பி போட்டுச் சுவரில் கட்டினாள். அவற்றுக்குள் ஸ்ட்ரிப்பை ஒட்டினால் கண் கூசாது, கடல் காற்றில் பசை விட்டாலும் கீழே விழாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு, இந்தப் பக்கம் ஒரு துண்டு. கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினாள். ரிமோட்டை அமுக்கினாள். முதல் துண்டு எரிந்தது. இரண்டாவது துண்டு செத்த பாம்பாகக் கிடந்தது.

இரண்டு நாள் வீம்பு பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் அவனைத் தேடி, படகு கட்டும் ஜெட்டிக்குப் போனாள். ஒரு டிங்கிப் படகின் மோட்டாரைக் கழற்றிப் போட்டு வயரிங் பார்த்துக்கொண்டிருந்தான் செந்தமிழன். அவள் நீட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மூணு மூணு லைட்டுக்கு நடுவுல கத்தரி படம் போட்டு ஒரு கோடு இருக்கும் டீச்சர். அதுல மட்டும்தான் வெட்டணும், வெட்டுனா வயர் வச்சு ஒட்டணும். அன்னிக்குச் சொல்ல வாயெடுத்தேன்...”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லவுட்டீங்களா? குடைய விரிச்சுக்கிட்டு ஓடிட்டீங்க!”

பானு கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக் கூடாது.

அன்று சாயங்காலமே வந்தான். டிங்கிக்காரர்கள் கழித்துப்போட்ட பேட்டரி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். பழுதான பகுதியை நறுக்கி, இரண்டு துண்டுக்கும் நடுவே நாலு வயர் வைத்து சால்டர் செய்தான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பானு சாயா போட்டுக் கொடுத்தாள். டம்ளர் கை மாறும்போது விரல் பட்டது... இரண்டு பேரும் பேட்டரியைப் பார்த்தார்கள்.

“பகல்ல கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறிக்கும். இப்பப் பாருங்க டீச்சர், ஊரே வந்து நிக்கும்!”

வேடிக்கை காட்டும் உற்சாகத்தில் ரிமோட்டில் கலர் மாறும் பட்டனைத் தட்டினான். சிவப்பு வந்தது, பச்சை வந்தது. அப்புறம் நீலம்... மங்கலாகத் தொடங்கி, மெல்ல மெல்லச் சுவரில் ஏறி, அறை முழுவதும் நிரம்பியது.

“ஏறுது புள்ள!”

அப்பா கட்டில் மேல் ஏறி நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“தண்ணி ஏறுது... பானு, கையப் புடி! ஒச்சம்மா, இந்தக் கைய... இந்தக் கையப் புடிச்சுக்க, விட்டுறாத!”

ஒரு கை பானுவின் மணிக்கட்டை நொறுக்குவது போல் பிடித்திருந்தது. மறு கை வெறுங்காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

செந்தமிழன் வயரைப் பிடுங்கி எறிந்தான். அப்பாவை அணைத்துப் படுக்க வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு பானு வாசலுக்கு வந்தாள்.

“போயிருங்க. எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருங்க. உங்களுக்கு இது வேடிக்கை. கடல் உங்ககிட்டேருந்து என்னாத்த எடுத்துச்சு?”

அவன் கருவிகளை அள்ளிக்கொண்டான். மழையில் தலை குனிந்து நடந்து போனான்.

ஒரு வாரம் கழித்து, மெழுகுவர்த்தி வாங்கப் போன இடத்தில் சிவஞானம் கேட்டார். “செந்தமிழன் மேல என்னம்மா கோவம்? வேலைக்கே போகாம ஜெட்டியில உக்காந்திருக்கான்.”

அவள் சில்லறையை எண்ணினாள்.

“அவன் அண்ணன் பழனிசாமி காண்ட்ராக்ட் வேலைக்கு இங்க வந்தவன். சுனாமியில போயிட்டான். பத்து நாள்ல தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டியாரேன்னு அவங்கம்மாட்டச் சொல்லிட்டு மெயின்லேண்டுலேருந்து கப்பலேறி வந்தான் இவன். பதினோரு வருஷமாச்சு. அண்ணன் இல்லாம எந்த மொகத்தோட வீட்டுக்குப் போறதுங்கிறான்.”

பானு மெழுகுவர்த்தியை மறந்துவிட்டு ஜெட்டிக்கு நடந்தாள். என்ன கேட்டுவிட்டோம்... யாரிடம் கேட்டுவிட்டோம்...

அவன் கடைசித் தூண் பக்கம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க... தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.”

“தப்பு எம்மேலதான் டீச்சர். இந்த ஊர்ல ஒரு வீட்டுச் சுவத்துல போய் நீலத்த ஏத்தலாமா? அதுவும் நான்...” முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது மழைதானா என்று அவள் பார்க்கவில்லை. “ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். இன்னொரு தடவ உள்ள விடுவீங்களா?”

“வாங்க.”

ஸ்ட்ரிப்புக்குப் போகும் நாலு வயரில் ஒன்று நீலத்துக்கு உரியது. அதை வெட்டி, முனையில் டேப் சுற்றினான். “இனி எந்தப் பட்டன அமுக்குனாலும் நீலம் வராது. வெள்ளைய அமுக்குனாக்கூட மஞ்சள்தான் வரும். கலர் மாத்துற பட்டன மட்டும் தொடாதீங்க, நீலத்தோட முறை வர்றப்ப இருட்டாயிரும்.” ரிமோட்டின் அந்தப் பட்டன் மேலும் ஒரு துண்டு டேப்பை ஒட்டினான்.

மூங்கிலின் விளிம்பிலிருந்து மஞ்சள் வெளிச்சம் சுவரில் வழிந்தது. அடுப்படி வெளிச்சம் போல... நல்லெண்ணெய் போல... அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார்.

ஏழு மணி வாக்கில் எங்கோ ஒரு கிளை முறிந்திருக்க வேண்டும். குழல் விளக்கும் மின்விசிறியும் சட்டென்று நின்றன. தெரு முழுக்க இருட்டு. பானு வழக்கம் போல் கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

மஞ்சள் வெளிச்சம் அப்படியே இருந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. கால் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன... ஆனால் அவர் எங்கும் போகவில்லை. பானு கதவில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செந்தமிழன் சத்தமில்லாமல் வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடினான். அவளும் பின்னால் வந்தாள்.

“கிளம்பிட்டீங்களா?”

“வேல முடிஞ்சிருச்சே.” செருப்பை மாட்டிக்கொண்டான். “டீச்சர்... மனசுல ஒண்ணு கெடக்குது. சொன்னா திட்டுவீங்க.”

“எங்கப்பாவ விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்.” கேட்காததற்கே பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“யாரு வரச் சொன்னா? நான் வந்துர்றேன்.”

“வீட்டோட மாப்பிள்ளன்னு பஜாரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எங்கம்மாவுக்கும் எழுதிப் போட்டுர்றேன்... அண்ணன் இனி கெடைக்க மாட்டான்னு. எனக்கு இங்க ஒரு வீடு கெடச்சிருச்சுன்னு.” அவன் குரல் உடைந்தது. “பானு... எழுதட்டுமா?”

முதல் முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். அவன் சட்டை முனையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. வாசலில் காலடி கேட்டால், பதினோரு வருஷமாக, “ஒச்சம்மாவா?” என்றுதான் அப்பா கேட்பார்.

“யாரு புள்ள வெளியில?” என்றார் இன்று.

பானுவின் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அம்மா இன்றைக்குத்தான் செத்துப்போனாள் போலிருந்தது. பிடித்த சட்டையை விடாமலே, உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“நம்ம வீட்டு ஆளுதாம்ப்பா.”