லேத்தில் பதித்த கை

கைத்தடத்தில் சுண்டுவிரலைக் காணவில்லை.

டீ டம்ளரை வைக்க இடம் தேடித் திரும்பியபோதுதான் இன்ஷிராஹ் அதைப் பார்த்தாள். புது லேத்தின் பல்சக்கரப் பெட்டியில், பச்சைப் பெயின்ட்டின் மேல், அவளே கிடா ரத்தத்தில் வலது கையைத் தோய்த்து வைத்த தடம் அது. காய்ந்து பழுப்பேறியிருந்தது. உள்ளங்கை இருந்தது. கட்டைவிரலும் மற்ற மூன்று விரல்களும் இருந்தன. சுண்டுவிரல் இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் கழுவிவிட்டது போலப் பளபளத்தது.

கணவன் ஷவ்கி குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தான். கேட்டாள். காய்ந்த ரத்தம் உதிராமல் என்ன செய்யும், மண்ணெண்ணெய்த் துணி பட்டிருக்கும் என்று நிமிராமலே சொன்னான். ஒத்துக்கொள்ளக்கூடிய பதில்தான். ஆனால் டீயை வாங்கியதும் ஒரு வாய் குடித்து, சர்க்கரை போதாது என்று குறை சொன்ன பிறகுதான் அவனுக்கு வேறு பேச்சே வரும். அன்று டம்ளரைத் தொடவில்லை. அவள் படியேறும்வரை தலையையும் தூக்கவில்லை.

மஹல்லா நகரில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஒரே மாதிரி. மேலே குடித்தனம், கீழே பட்டறை. விசைத்தறிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பதில்தான் ஷவ்கியின் பிழைப்பு ஓடியது. பழைய லேத் அவன் தகப்பனார் காலத்தது. வெட்டும் கருவி ஓடும் தண்டவாளம் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்து, கடைகிற தண்டெல்லாம் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வந்தது. தறிக்காரர்கள் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். "உஸ்தா, இது தண்டா, கேரட்டா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். தெருவே உஸ்தா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற கைக்காரனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்று ஷவ்கி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பிறகுதான் ஸிஃப்தா என்ற பக்கத்து ஊரிலிருந்து இந்த லேத் வந்தது. ஹாஜி தமர்தாஷ் என்ற பெரியவரிடம் வாங்கியது. பேரமே நடக்கவில்லையாம். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று லாரியையும் ஆட்களையும் அவரே பிடித்துக் கொடுத்தாராம். ஷவ்கி இதைப் பெருமையாகத்தான் சொன்னான். நல்ல பொருளை எவனாவது இப்படிப் பிடித்துத் தள்ளுவானா என்று அவளுக்கு அப்போதே நெருடியது. வாயைத் திறந்தால் சகுனத்தடை என்பான் என்று சும்மா இருந்துவிட்டாள்.

புது இயந்திரம் வந்தால் கிடா வெட்டி, வீட்டுக்காரர் ரத்தக்கையை அதன்மேல் பதிக்க வேண்டும். கண் படாது, கை வெட்டாது. இறைச்சியைத் தெருவுக்குப் பங்கு வைத்துவிட வேண்டும். எல்லோரும் கூடி நின்றபோதுதான் ஷவ்கி துணி சுற்றிய வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"சங்கிலி கிழிச்சுடுச்சு. என் ரத்தம் அதோட கலக்கக் கூடாது. நீ வை, இன்ஷிராஹ்."

அவளுக்கு வெட்கம் கலந்த சந்தோஷம். எதிர்வீட்டு அஸ்ஹார் சும்மா இருப்பாளா? "இனிமே லேத் இவ பேர்ல, உஸ்தா. நீங்க கூலிக்காரர்தான்" என்றாள். தெருவே சிரித்தது. ரத்தம் வெதுவெதுப்பாக இருந்தது. இரும்பு சில்லென்று இருந்தது. கையை அழுத்தியபோது உள்ளே லேசாக ஓர் அதிர்வு ஓடியது. மோட்டாருக்கு அப்போது கரண்ட் இணைப்புக்கூடக் கொடுத்திருக்கவில்லை. சிரிப்புச் சத்தத்தில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சுண்டுவிரல் இல்லை. துணி பட்டு அழிந்திருந்தால் விளிம்பு கலைந்திருக்கும். இது கத்தி வைத்து வெட்டியது போல நேராக இருந்தது.

மறுநாள் அடுப்பிலிருந்து ஃபூல் பயறு வெந்த சட்டியை இறக்கும்போது நாலு விரலுக்குச் சுட்டது, சுண்டுவிரலுக்குச் சுடவில்லை. சட்டியை வைத்துவிட்டுத் திரும்ப அந்த விரலை மட்டும் அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் விரலைத் தொட்டு வைத்தது போல இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கணு மடிப்பில் இருந்த கோடுகள் மழுங்கியிருந்தன. வயதாகிறது, சோப்புத் தண்ணீரில் கிடந்த கை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ரொட்டி மாவு பிசையும்போது, அம்மா கொடுத்த நீலக்கல் மோதிரம் கழன்று மாவுக்குள் போயிற்று. முப்பது வருஷமாகச் சோப்புப் போட்டாலும் வராத மோதிரம். மாவுக்கையோடு கீழே ஓடினாள். தடத்தில் மோதிர விரலும் இல்லை. ஷவ்கி அவளைப் பார்த்தான். அவள் முகத்தை அல்ல, கையை.

"என்ன, மாவோட வந்து நிக்கற?" என்றான்.

அவளுக்கு அப்போதுதான் அவன்மேல் சந்தேகம் விழுந்தது. விழுந்தது என்றால் கல் விழுந்தது போல.

ஆகஸ்ட் மாதம். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்டை நிறுத்திவிடுவார்கள். மின்விசிறி முனகி ஓயும், ஃபிரிட்ஜ் ஒரு முறை உதறிவிட்டு அடங்கும், தெருவில் அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்று, காதுக்குள் பஞ்சு அடைத்தது போல ஓர் அமைதி வந்து உட்காரும். ஜன்னல் மரச்சட்டங்களின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடக்கும். அப்படி ஒரு மதியத்தில், ஷவ்கி சோபாவில் கண்மூடிப் படுத்திருக்க, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கீழே லேத் ஓடியது.

மேலே இருந்தே கேட்டுக் கேட்டு, கீழே என்ன கடைகிறது என்று அவளுக்குக் காதாலேயே தெரியும். பித்தளை சலசலக்கும். உருக்கு இழுத்துக் கத்தும். வார்ப்பிரும்பு மணல் போலக் கரகரக்கும். இது அதில் எதுவும் இல்லை. ஈரமான, மெத்தென்ற சத்தம். உருளைக்கிழங்குத் தோலை நிதானமாகச் சீவுவது போல. கரண்ட் இல்லை. பட்டறைச் சாவி ஆணியில் தொங்கியது.

அவனை எழுப்பலாம் என்று திரும்பினாள். ஷவ்கியின் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அவன் தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டுக்கொண்டே தூங்குவது போலக் கிடக்கிறான்.

அவள் அவனை எழுப்பவில்லை.

அதற்குப் பிறகு அவனைக் கவனிப்பதே அவளுக்கு வேலையாகப் போயிற்று. தொழுகைக்குக் கை கால் கழுவும்போது கதவைத் திறந்தே வைக்கிற மனிதன் இப்போது தாழ் போட்டுக்கொண்டான். சாப்பிடும்போது ரொட்டியை அவனே எடுத்துக்கொண்டான். அவள் கைபட்டதை வாங்கத் தயங்கினான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்பும் அவசரத்தில் குளியலறைத் தாழ் சரியாக விழவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தாள். கட்டுத்துணி ஆணியில் தொங்கியது. குழாயடியில் அவன் வலது கை. உள்ளங்கையில் காயம் இல்லை. தழும்பு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

கழுவி முடித்துத் துடைத்துக்கொண்டு, அந்தத் துணியை எடுத்துப் பொறுமையாகத் திரும்பச் சுற்றிக்கொண்டான்.

தெரு காலியானதும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பட்டறையில் மண்ணெண்ணெய் வாடை, சூடேறிய எண்ணெய் வாடை, அவற்றுக்கு அடியில் காலையில் திறந்த இறைச்சிக்கடையின் வாடை. அவள் லேத்தைச் சுற்றி வந்தாள். பல்சக்கரப் பெட்டியின் பின்பக்கம், சுவரை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை சற்றே வேறு பச்சையாக இருந்தது. புதுப் பெயின்ட். டப்பா அலமாரியில் ஷவ்கியின் தூரிகையோடு இருந்தது. இங்கே யாரோ முன்பே சுரண்டிப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

சுரண்டியை எடுத்தாள். பச்சைக்குக் கீழே சாம்பல் நிறம். சாம்பலில் பழுப்பாக ஒரு கைத்தடம், அவள் கையைவிடச் சின்னது, இரண்டே விரல். இன்னும் சுரண்டினாள். சாம்பலுக்குக் கீழே நீலம். அதில் இன்னொரு கை. கட்டைவிரல் மட்டும். நீலத்துக்குக் கீழே செம்மண் நிறம். உள்ளங்கை மட்டும், வட்டமாக, அப்பம் போல.

கடைசல்காரன் கை எதுவும் இவ்வளவு சின்னதாக இருக்காது. எல்லாம் பெண்களின் கை.

வாசலில் நிழல் விழுந்தது. ஷவ்கி. தொழுகைத் தொப்பியோடு நின்றான். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதும்.

"கட்டை அவுருங்க, உஸ்தா."

அவன் அவிழ்த்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஸிஃப்தாவில் ஹாஜியின் மனைவி அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாளாம், இடது கையால். வலது கை நீளச் சட்டைக்குள்ளேயே இருந்ததாம். விருந்தாளிக்கு இடது கையால் கொடுக்கிறாளே என்று அவன் பார்த்ததை ஹாஜி பார்த்துவிட்டாராம்.

"வீட்டுக்கு ஒரு கைதான் கேட்கும், அதுக்கப்புறம் மயிரிழை பிசகாம ஓடும்னாரு. கிழவன் உளர்றான்னுதான் நெனச்சேன். கொண்டுவந்து பார்த்தா..." பின்பக்கத்தைத் தலையால் காட்டினான்.

"பார்த்துட்டுத்தான் என்னை வைக்கச் சொன்னீங்களா?"

"என் கை போயிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் ரொட்டி ஏது, இன்ஷிராஹ்? உன் கை..."

"என் கை?"

அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமும் தன் கை அந்த வீட்டில் என்னவெல்லாம் செய்தது என்று நினைத்தாள். அந்தக் கணக்கு அவனிடம் இல்லவே இல்லை என்று புரிந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

கரண்ட் போயிற்று.

தொழுகை முடிந்து திரும்ப ஓட ஆரம்பித்திருந்த தெருத் தறிகள் நின்றன. மேலே மின்விசிறி முனகி ஓய்ந்தது. அமைதி வந்து உட்கார்ந்தது.

கடைய வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் சுழல ஆரம்பித்தது.

முதலில் மெல்ல. பிறகு சீராக. சக்கில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வெறும் காற்று. கருவி தானாக நகர்ந்து வந்து அந்தக் காற்றைத் தொட்டது. அந்தச் சத்தம். ஈரமான, மெத்தென்ற சத்தம். கருவி முனையிலிருந்து ஒரு சுருள் இறங்கியது. இரும்பு இல்லை. வெளிறியது. மெல்லியது. வெங்காயத் தோல் போல. தட்டில் விழுந்து, விழுந்த இடத்தில் லேசாக அசைந்தது.

இன்ஷிராஹ் கையைத் தூக்கினாள். சுண்டுவிரல் குச்சியாக இருந்தது. நகம் இல்லை, கணு இல்லை, வழுவழுவென்று உருண்டையாக. மோதிர விரலும் அப்படியே. நடுவிரல் மெலிந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க. சக் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும். வலி இல்லை. ரத்தம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

ஷவ்கி சுவிட்சைத் தட்டினான். கரண்டே இல்லாத சுவிட்ச். மூலையில் கிடந்த மரக்கட்டையை அவள் இடது கையால் எடுத்துச் சக்கில் செருகினாள். கட்டை துண்டு துண்டாகப் பறந்தது. வேகம் குறையவில்லை.

மிச்சம் இருந்தது சக்கைச் சுழற்றும் பெல்ட். ஓடுகிற பெல்ட்டை வெறும் கையால் பக்கவாட்டில் தள்ளிச் சக்கரத்திலிருந்து நழுவவிடும் வித்தை ஷவ்கிக்குத் தெரியும். பழைய லேத்தில் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே செய்திருக்கிறான். தெருவில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

அவள் அவனைத் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பெல்ட்டைத் தள்ளு, ஷவ்கி."

அவன் ஓர் அடி முன்னால் வந்தான். பெல்ட்டைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான், பத்து விரல்களையும், இரண்டு பக்கமும்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றான்.

நடுவிரலின் கடைசிச் சுருள் தட்டில் விழுந்தது. கருவி பின்வாங்கியது. ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்ந்து, திரும்பவும் முன்னால் வந்தது.