கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லாத நேரம்

"ஏங்க... குடைக்குள்ள மழை பெய்யுது."

குரல் கேட்டு மாயாங் திரும்பினாள். அவள் தோளிலிருந்த மூங்கில் கம்புகளும் கூடவே திரும்பின. ஒரு நுனி, பின்னால் நின்றவன் குடையில் முன்னமே தான் போட்டிருந்த ஓட்டையை இன்னும் ஒரு சாண் கிழித்தது.

காப்புவாஸ் ஆற்றின் நடுவில் மோட்டார் சம்பான் படகு... சடசடவென்று மழை... கிழிந்த குடைக்குக் கீழே நனைந்த மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் கோபப்படவே தெரியாத இரண்டு கண்கள்.

"அய்யோ... நான் பார்க்கல."

"பரவால்ல. இனிமே குடை பிடிச்சுக்கிட்டே வானத்தைப் பார்க்கலாம்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். உதடு கேட்கவில்லை...

அக்கரை வருவதற்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. பெயர் அர்யோவாம். ஜாவாவிலிருந்து வந்து மூன்றே வாரமாம். எங்கள் பொந்தியானாக்கில் ஆரஞ்சுச் சாறு பிடித்துப்போயிற்றாம், வெயில்தான் ஒத்துவரவில்லையாம். இவ்வளவு கம்பு எதற்கு என்று கேட்டான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர என்றாள்.

அங்கேதான் கெட்டது.

அவன் கல்வி அலுவலகத்து ஆள். ஆற்றங்கரை வார்டு மண்டபத்தைச் சாயங்கால வகுப்புக்கு யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வந்திருக்கிறான். கேட்டிருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் நகரத்துப் பெரிய டியூஷன் சென்டர்காரர். இன்னொருத்தி, கம்பும் காகிதமும் வைத்து விளையாட்டுக் காட்டும் யாரோ ஒரு பெண்... அலுவலகத்தில் சொன்னதை அப்படியே வெள்ளந்தியாக ஒப்பித்துவிட்டான்.

"அந்த யாரோ ஒரு பொண்ணு நான்தான், மாஸ்."

ஜாவாக்காரர்களை இங்கே மரியாதையாக அழைப்பது அப்படித்தான். ஆனால் அவள் சொன்னதில் மரியாதை குறைவு, மிளகாய் அதிகம்.

அவன் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தான். அவள் விட்டால்தானே... இரண்டு வருஷமாகப் படகுத்துறையின் ஒழுகும் கூரைக்குக் கீழே இருபத்து மூன்று பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறாள். சூத்திரத்தை நெட்டுருப் போட்டுப் போட்டுத் தோற்றவர்கள். இப்போதுதான் "ஏன்?" என்று கேட்கவே தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு அந்தக் கூரை நிற்காது. மண்டபமும் கிடைக்காவிட்டால் வகுப்பே இல்லை.

"நாளைக்கு வந்து பாருங்க. மண்டபத்துக் கொடிக்கம்பத்தை எம் பிள்ளைங்க ஏறாமலே அளப்பாங்க. நிழலை வச்சு."

"எத்தனை மணிக்கு?"

"வெயில் நல்லா அடிக்கறப்ப. பதினொன்றரைக்கு."

"நாளைக்கா...?" அவன் இழுத்தான்.

"ஏன், உங்களுக்கு முடியாதா?"

"முடியும்..." என்றவன் வேறென்னவோ சொல்ல வந்து விழுங்கினான்.

வீட்டில் அம்மா கூடையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, நாளைக்குச் செப்டம்பர் இருபத்து மூன்றாயிற்றே, பூமத்திய ரேகைத் தூணடியில் முட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்க ஊரே போகுமே, மறந்துபோச்சா என்றாள்.

மாயாங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாளில், பதினொன்றரை வாக்கில்தான் சூரியன் பூமத்திய ரேகைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்துக்கு மனிதருக்கும் நிழல் இருக்காது, மரத்துக்கும் இருக்காது. கொடிக்கம்பத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பிறந்ததிலிருந்து பார்த்தது... பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியது... கோபம் வந்தால் இப்படியா புத்தி மழுங்கிப்போகும்?

படகில் அவன் கொடுத்த கார்டில் நம்பர் இருந்தது. போனை எடுத்தாள். வைத்தாள். அந்தக் கண்ணாடிக்காரரிடம் போய், நேரத்தை மாத்துங்கன்னு கெஞ்சணுமாக்கும்...

மறுநாள் பத்தரைக்கே அவன் மண்டபத்து முற்றத்தில் வந்து நின்றான்.

"என் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடுது போல. வந்தது வந்துட்டேன்... இப்பவே ஆரம்பிச்சுடலாமா?"

கம்பத்தின் நிழல் இன்னும் இரண்டரை மீட்டர் நீளத்துக்குப் படுத்திருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

இவருக்குத் தெரிந்திருக்கிறது... தெரிந்துதான் எனக்கு வழி விடுகிறார்...

நெஞ்சுக்குள் எதுவோ இளகியது. ஆனால் வேடிக்கை பார்க்க முன்னமே வந்துவிட்டிருந்த வார்டு தலைவரும் டியூஷன் சென்டர்காரரும் பக்கத்திலேயே நின்றார்கள். மனசு பேசுவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"சொன்ன நேரம் சொன்ன நேரம்தான், மாஸ்."

பதினொன்றரை. நிழல் ஒரு சாணாயிற்று... நாலு விரலாயிற்று... கம்பத்தின் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

"நிழலையே காணோமேம்மா, எதை அளப்பீங்க?" என்றார் தலைவர். டியூஷன் சென்டர்காரர் வாய்விட்டே சிரித்தார்.

இருபத்து மூன்று ஜோடிக் கண்கள் மாயாங்கைப் பார்த்தன. விடையைச் சொல்லிக் கொடுத்தால் அது பிள்ளைகள் செய்ததாக ஆகாது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர்..." என்றாள் ஈஜா. போன வருஷம் கணக்கில் மூன்று முறை தோற்ற பெண். "நமக்கு நிழலா வேணும்? முக்கோணம்தானே வேணும்?"

ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தாள். ஒரு விளிம்பைத் தரைக்குப் படுக்கையாகக் கண்ணருகே பிடித்து, மடிப்பின் வழியே பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். நேற்றைய மழைக் குட்டையில் கால் வைத்ததும் நின்றாள்.

"இங்கேர்ந்து கம்பத்து உச்சி மடிப்பு மேல சரியா நிக்குது. கம்பம் எவ்வளவு தூரத்துல இருக்கோ, என் கண்ணுக்கு மேல அவ்வளவு உயரம். அதோட என் கண்ணு உயரத்தைக் கூட்டணும்."

அர்யோ அருகில் போய்க் குனிந்தான். தூரமும் உயரமும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டான்.

"சதுரத்தை மடிச்சா ரெண்டு பக்கமும் சமம்தானே, சார். அதையே கம்பம் வரைக்கும் பெருசா ஆக்கினாலும் சமம்தான்."

தூரம் ஏழு மீட்டர் நாற்பது. ஈஜாவின் கண் உயரம் ஒரு மீட்டர் நாற்பது. மொத்தம் எட்டு எண்பது.

அர்யோ அளவு நாடாவைக் கொடிக்கயிற்றில் கட்டித் தன் கையாலேயே மேலே ஏற்றினான். எட்டு மீட்டர் எழுபத்தெட்டு.

பிள்ளைகள் போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டிருக்கும். தலைவர் மண்டபத்துச் சாவியை எடுத்து நேரே ஈஜாவின் கையில் வைத்தார். அர்யோ அங்கேயே காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். டியூஷன் சென்டர்காரர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று. பிள்ளைகள் மண்டபத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்க, முற்றத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"தப்பு என்னோடது," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. "நேத்து வீட்டுக்குப் போனதுமே தெரிஞ்சுபோச்சு. போன் பண்ண ரோஷம் விடல."

"எனக்குப் படகுலயே தெரியும். சொல்லியிருக்கணும்... நீங்க கோபமா இருந்தீங்க. அந்தக் கண்ணைப் பார்த்ததும் பேச்சு வரல."

"அதான் இன்னிக்குக் கடிகாரம் வேகமா ஓடுச்சாக்கும்?"

"கடிகாரம் இல்ல, மாயாங்..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. "நிழல் போனப்ப எல்லாரும் கம்பத்தைப் பார்த்தாங்க. நான் உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் இந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கணும்னு தோணுச்சு. இன்னிக்கு மட்டும் இல்ல... எப்பவும். எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவள் அளவு நாடாவைச் சுருட்டி அவன் கையில் வைத்தாள். பேசியபோது குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நாளைக்கு மண்டபத்துல முதல் வகுப்பு. நாடா பிடிக்க ஆள் வேணும். வந்துடுங்க... அபாங்."

மாஸ் இல்லை, அபாங்; மனசுக்கு நெருங்கியவனை அழைக்கும் சொல். எங்கள் ஊர்ப் பெண் வெளியூர்க்காரனைச் சும்மா அப்படிக் கூப்பிட்டுவிட மாட்டாள்.

சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது. அர்யோவின் காலடியிலிருந்து நிழல் மெல்ல எழுந்து, நீண்டு, மாயாங்கின் பாதத்தைத் தொட்டது.

அவள் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.