குடிக்க மறுத்த மண்

ஊற்றிய சோளக்கள் மண்ணுக்குள் இறங்கவில்லை.

இலாரியோ குனிந்து பார்த்தான். ஆகஸ்ட் மாதம் மலை வாயைத் திறந்துகொண்டு பசியோடு கிடக்கும்; குடம் குடமாய் ஊற்றினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் உறிஞ்சிவிடும். இன்று நுரை கலையாமல் அப்படியே தேங்கி நின்றது. கீழிருந்து பனிமூட்டம் படிக்கட்டு வயல்களில் ஏறி வந்தது. புளித்த சோள வாசனைக்கும் ஈரக்கல் வாசனைக்கும் நடுவே, குழந்தைத் தலையின் எண்ணெய் வாடை லேசாக வீசியது.

"என்ன மாப்ளே, உங்க மலைக்கு வயிறு நெறஞ்சிருச்சா?" என்று சிரித்தான் அவன் மனைவியின் அண்ணன் மெல்சோர். "எவனோ முந்திக்கிட்டுப் பந்தி வச்சுட்டான் போல."

"வாயக் கழுவு மச்சான். விளையாட இதுவா இடம்?"

அவர்கள் நின்ற இடத்தில் அந்தக் காலத்து இன்கா ராஜாக்கள் எழுப்பிய கல்மேடை; அதற்கு இலாரியோதான் காவல். விதைப்போ கல்யாணமோ, மலையப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரில் துரும்பும் அசையாது. நேற்றுதான் நான்கு வயது மகள் அசுந்தாவுக்கு முதல் முடியிறக்கு. தாய்மாமன் மெல்சோர் கத்தரி பிடித்தான், பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. விருந்து முடிந்த கையோடு சிவப்புத் துணி முடிச்சை எடுத்துவந்து, இதே இடத்தில் ஆகஸ்ட் படையலைப் புதைத்தான் இலாரியோ. எல்லாம் முறைப்படிதான் செய்தான். பிறகென்ன கோபம் இதற்கு? வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

மெல்சோர் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அடுப்படியில் மனைவி பெர்மினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை முடிய எங்கதான் வச்சீங்க? பெட்டியில பத்திரப்படுத்தணும்."

"பரண்மேல. சிவப்புத் துணியில."

அவனே எடுத்து அவிழ்த்தான்.

கோக்கா இலை. லாமா மிருகத்தின் கொழுப்பு. சோளம்.

படையல் இங்கே இருந்தது. அப்படியானால் நேற்று மண்ணுக்குக் கொடுத்தது?

அந்த மேடையில் ராஜாக்கள் எதைக் கொடுத்தார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்ல உடை உடுத்தி, தலை பின்னி, சோளக்கள் புகட்டி, முழங்காலை மடக்கி உட்காரவைப்பார்களாம். மலையுச்சிக் குளிரில் பிள்ளை தூங்கிவிடுமாம்.

"அசுந்தா எங்க?"

"உள்ளதான். மத்தியானத்துலேர்ந்து ஒரே தூக்கம். வாயில கள்ளு நாத்தம் வேற. எங்கண்ணன் வேலையாத்தான் இருக்கும், வரட்டும் வச்சுக்கறேன்."

மெல்சோர் மத்தியானம் முழுக்க மேலே அவனோடுதான் இருந்தான்.

இலாரியோ திரையை விலக்கினான்.

உள்ளே குளிர். மூச்சு புகையாய் வந்தது. அதே எண்ணெய் வாடை.

ஆட்டுத்தோல் விரிப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்கி. முகவாய் முழங்காலில். கண்கள் மூடி. உதட்டில் நுரை.

நேற்று ஒட்ட வெட்டிய தலை.

இப்போது இடுப்புவரை முடி. மெல்லிய மெல்லிய பின்னல்கள். எண்ணி மாளாது.

"அசுந்தா... அடி கண்ணு, அப்பா வந்திருக்கேன். எழுந்திரும்மா."

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அசையாம இருக்கச் சொல்லியிருக்காங்கப்பா."

"சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க!" என்றாள் பெர்மினா அடுப்படியிலிருந்து.

மகளின் முதுகுப்பக்கம் கடைசியாக ஒரு கற்றை மட்டும் பாக்கி இருந்தது. யாருமில்லாத அந்த இருட்டில், அது மூன்றாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, நிதானமாகப் பின்னப்பட்டுக்கொண்டிருந்தது.